இரண்டு மதிப்பெண்கள்

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னையில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில், அக்காவை நடுவில் உட்காரவைத்து நாங்கள் மூவரும் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே மருத்துவர் கேட்டார்: "வேறு நோய் ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றோம். மூவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சொன்னோம். அக்கா வாய் திறக்கவில்லை. மருதாணி இட்டுச் சிவந்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதுவது எங்களில் ஒருவர்தான். எனினும் அன்று அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் மூவர் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுவதாக ஒப்பந்தம். எழுதி முடித்தபின் மற்ற இருவரும் படித்து, சில வரிகளை அடித்து, சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். அக்காவும் படித்தாள். அவள் ஒன்றையும் அடிக்கவில்லை.

*

அக்காவுக்கு முதல் புள்ளி தோன்றியது 1971இல். அவளுக்குப் பதின்மூன்று வயது. வலது முழங்காலில், ஐந்து பைசா அளவில், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளை. மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். 'தேமல்' என்றாள். அடுத்த மாதம் இடது முழங்காலிலும் வந்தது. பிறகு முழங்கைகள், கால் விரல்கள், இடுப்பின் பின்புறம். அதன்பின் அம்மா அதற்கு ஒரு பெயரும் சொல்லவில்லை. தெருவில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. தொழுநோயின் பெயரோடு 'வெண்' என்ற அடைமொழியை ஒட்டவைத்த பெயர். தொழுநோய்க் கிருமிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை, இது தொற்றாது, தொட்டால் உணர்ச்சி அப்படியே இருக்கும். ஆனால் ஒரு சொல் செய்யும் வேலையை இத்தனை உண்மைகள் சேர்ந்தும் தடுக்க முடிவதில்லை. இன்று 'வெண்புள்ளிகள்' என்று எழுதுகிறோம். எங்கள் வீட்டில் அன்று அது வெறும் 'அது'. "அது பரவியிருக்கா?" "அது தெரியாம கட்டிக்கோ."

காரணமும் தெருவே சொன்னது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட அன்று மோரும் ஊற்றிக்கொண்டாளாம். எங்கள் வீட்டில் அதன்பின் மீன் சமைத்த நாளில் தயிர்ப்பானை திறக்கப்பட்டதே இல்லை. இன்றும் எங்களில் ஒருவருக்கு மீனும் தயிரும் ஒரே இலையில் இருந்தால் கை நகராது. அறிவு ஒருபுறம், கை ஒருபுறம்.

வைத்தியம் கார்போகரிசி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, அம்மியில் அரைத்து, புள்ளிகளின்மேல் தடவி, காலை பத்து மணி வெயிலில் கொல்லையில் உட்காரவைப்பார்கள். அக்கா கிணற்றடித் துணிக்கல்லில் உட்கார்ந்து பாடப்புத்தகம் படிப்பாள். சில நாட்கள் கொப்புளம் எழும்பும். எழும்பினால் மருந்து வேலை செய்கிறது என்பார் அப்பா. அதில் பாதி உண்மை இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். கார்போகரிசியில் உள்ள சோராலென் என்னும் வேதிப்பொருள் தோலைப் புறஊதாக் கதிர்களுக்குக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. எகிப்தில் இதே நோக்கத்துக்காக நெடுங்காலமாகப் பயன்பட்ட ஒரு செடியிலிருந்து எடுத்த சோராலெனைக் கொண்டு, 1940களில் கெய்ரோவின் எல் மோஃப்டி வெண்புள்ளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். நவீன ஒளிச் சிகிச்சையின் வேர் அங்கிருக்கிறது. (அந்த எகிப்தியச் செடியின் தாவரவியல் பெயர் அம்மி மேஜஸ். எங்கள் வீட்டு அம்மிக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை.) வேறுபாடு என்னவென்றால், அளவு தெரிந்த மருந்தும் அளவு தெரிந்த ஒளியும் அங்கே, பதின்மூன்று வயதுப் பெண்ணின் பொறுமையும் சித்திரை வெயிலும் இங்கே.

சில இடங்களில் நிறம் திரும்பியது. பிறகு அதுவும் போயிற்று. மூன்றாண்டுகளில் எல்லோரும் களைத்துப் போனோம். மிச்சமிருந்தது மறைத்தல் மட்டும்தான். முழங்கைக்குக் கீழ் வரும் ரவிக்கை. தரையைத் தொடும் புடவை. கைவிரல் நுனியிலும் பாதத்திலும் இருந்தவற்றுக்கு மருதாணி. கொல்லையில் மருதாணி மரம் ஒன்று இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைப்போம். வெள்ளைத் தோலும் மாநிறத் தோலும் மருதாணிக்கு அடியில் ஓரளவு ஒன்றாகிவிடும். ஊரில் அக்காவுக்கு 'மருதாணி டீச்சர்' என்றே பெயர் வந்தது. அரசுப் பெண்கள் பள்ளியில் 1981 முதல் கணக்கு ஆசிரியை.

இனி எழுதுவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அக்காதான் "அதுவும் இருக்கட்டும்" என்றாள். 1983இல் இரண்டாமவளைப் பெண் பார்க்க வந்தபோது, முதல் நாளே அக்காவைக் கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்ததும் அவளே, பேருந்து நிலையம் வரை தனியாக நடந்து போனதும் அவளே. மூத்த பெண் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "அவள் கல்யாணமே வேண்டாம் என்கிறாள், பள்ளிக்கூடம்தான் உலகம்" என்று அப்பா சொன்னார். அக்கா அப்படிச் சொன்னதே இல்லை. அவளை யாரும் கேட்டதும் இல்லை. கடைசித் தங்கையின் முறை வந்தபோதும் அத்தை வீடு. தம்பிக்குப் பெண் பார்த்தபோது அவர்கள் நம் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு நாள்தானே என்றார்கள். நாங்கள் மூவரும் மணமாகி, குழந்தைகள் பெற்று, அக்காவின் சம்பளத்தில் சீர்வரிசையும் பெற்றோம்.

ஆகவே 2003இல் மருத்துவர் கேட்டபோது எங்கள் வாயிலிருந்து வந்த 'இல்லை', அந்த நொடியில் உருவானதல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி பெற்ற சொல் அது.

*

நோய் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சில மாதங்களாகக் களைப்பு. மாடிப்படியேறி வகுப்புக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்த முடிகிறது என்றாள். மூட்டுவலி. பசியில்லை. மாதவிலக்கு நிற்கும் வயது என்று நாங்களே முடிவு செய்தோம். ஜூலையில் கண் மஞ்சளித்தது. உள்ளூரில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியத்தோடு. குறையாததால்தான் சென்னை.

எஸ்.ஜி.பி.டி. 480 என்றது தாள். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. ஹெப்பாடிடிஸ் பி இல்லை, சி இல்லை, ஏ-யும் இ-யும் இல்லை. குடிப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஏதோ மருந்தினால் வந்த கல்லீரல் அழற்சியாக இருக்கலாம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சொல்லி, கல்லீரலுக்கான சத்து மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மஞ்சள் தெளிந்தது. எண் 110க்கு இறங்கியது. திருக்கடையூர் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

2004 பிப்ரவரியில் மீண்டும் ஏறியது. மாத்திரையை மாற்றினார்கள். இறங்கியது. நாங்கள் இரகசியமாகக் கீழாநெல்லியை மீண்டும் தொடங்கியிருந்தோம். அதனால்தான் இறங்கியது என்று நம்பினோம். பிறகு ஏறியது.

கீழாநெல்லியை நாங்கள் இகழவில்லை. ஹெப்பாடிடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தவரும் 1976இல் நோபல் பரிசு பெற்றவருமான பாருக் பிளம்பர்க்கே அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட ஆய்வு, அவ்வினச் செடி அந்த வைரஸைக் குறைப்பதாகச் சொன்னது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கீழாநெல்லியின் பெரும்புகழுக்கு வேறொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறோம். நம்மூரில் வரும் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான நீரால் வரும் ஏ வகையும் இ வகையும். பெரும்பாலோருக்கு அவை தாமாகவே சில வாரங்களில் தணிபவை. எது கொடுத்தாலும் தீரும் நோய்க்கு எதைக் கொடுத்தோமோ அதற்குப் புகழ். எங்கள் அக்காவுக்கு வந்தது தாமாகத் தீரும் நோயன்று. ஆனால் தாமாக ஏறி இறங்கும் நோய். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நாங்கள் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம், பதினான்கு மாதங்கள்.

அந்தத் தாள்களிலேயே இன்னொரு எண்ணும் இருந்தது: குளோபுலின் 5.2. இருக்க வேண்டியது மூன்றரைக்குள். ஒவ்வொரு தாளிலும் அது இருந்தது. அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இருந்தது. மருத்துவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் ஒருமுறை, "இது ஏன் எப்பவும் கூடவே இருக்கு?" என்று எங்களிடம் கேட்டிருக்கிறாள். என்ன பதில் சொன்னோம் என்று நினைவில்லை.

*

2004 அக்டோபரில் அக்காவின் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை, சொட்டு மருந்து ஊசியை முழங்கை மடிப்புக்கு மாற்றுவதற்காகச் செவிலி ரவிக்கையின் கையை மேலே சுருட்டினாள். நாங்கள் வழக்கம்போல் முன்னே சென்று மறைக்கப் பார்த்தோம். அதே நேரம் பயிற்சி மருத்துவர்களோடு உள்ளே வந்த ஓர் இளம் பெண் மருத்துவர், எங்களைத் தாண்டி அக்காவின் கையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு பாதங்களின் மருதாணியைப் பார்த்தார்.

எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார்: "இது எத்தனை வருஷமா இருக்கும்மா?"

"எழுபத்தொண்ணு ஜூன்லேர்ந்து" என்றாள் அக்கா. மாதம் முதற்கொண்டு. அவள் குரலில் கூச்சமோ தயக்கமோ இல்லை. வகுப்பில் விடை சொல்வதுபோல் இருந்தது. இதை யாராவது தன்னிடம் நேராகக் கேட்பார்களா என்று அத்தனை காலமும் காத்திருந்தாளோ என்று எங்களுக்குத் தோன்றியது, அப்போதல்ல, பிறகு.

அன்று மாலையே வேறு வகைப் பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, ஏ.என்.ஏ., மென்தசைக்கு எதிரான ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி. வயிற்று நீர் வடிந்தபின், இரத்தம் உறையும் தன்மை ஓரளவு சீரானதும், ஊசி வழியே கல்லீரலில் ஒரு நூல் அளவு சதை எடுத்தார்கள். பத்து நாளில் பெயர் தெரிந்தது: ஆட்டோஇம்யூன் ஹெப்பாடிடிஸ். தன்னுடல் தாக்குதலால் வரும் கல்லீரல் அழற்சி. கல்லீரலின் நுண்ணிய வாயில்களை ஒட்டிய விளிம்புகளில் நிணநீர் அணுக்களும் பிளாஸ்மா அணுக்களும் திரண்டு வந்து, உயிரணுக்களை அரித்துக்கொண்டிருந்தன. அரித்த இடமெல்லாம் தழும்பு. தழும்பு ஏற்கெனவே சிரோசிஸ் என்னும் நிலையை எட்டிவிட்டிருந்தது.

"தோல்ல இருக்கறது கல்லீரலுக்குப் போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டோம். தெருவின் மொழி எங்களை விட்டுப் போயிருக்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கியதை நாங்கள் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறோம். ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. வெண்புள்ளி கல்லீரலைக் கெடுக்காது. வெண்புள்ளி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் கல்லீரலில் எந்தக் கோளாறும் வருவதில்லை. உலகில் நூற்றில் ஒருவருக்கு ஏறத்தாழ வெண்புள்ளி இருக்கிறது. இந்தக் கல்லீரல் நோயோ மிக அரிது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலின் காவல் அணுக்கள் வெளியாளைத் தேடுவதை விட்டு வீட்டாரையே அடிக்கத் தொடங்கும் நோய்களின் குடும்பம். வெண்புள்ளியில், டி அணுக்கள் நிறமியைச் செய்யும் மெலனோசைட்டுகளைக் கொல்கின்றன. அக்காவின் கல்லீரலில் அதே வகைக் காவலர்கள் வேறொரு தெருவில் புகுந்திருந்தார்கள். தைராய்டு, கணையம், இரைப்பை, அட்ரினல் என்று அவர்கள் புகக்கூடிய தெருக்கள் பல. ஒன்றில் புகுந்தவர்கள் இன்னொன்றில் புகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குச் சற்றே அதிகம். வைரஸ் இல்லாத, மது இல்லாத கல்லீரல் அழற்சி ஒன்று எதிரே நிற்கும்போது, அந்தச் 'சற்றே' ஒரு திசைகாட்டி.

*

அதன்பின் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். குற்றவுணர்வுள்ளவர்கள் படிப்பதுபோல் வேறு யாரும் படிப்பதில்லை.

1950இல் ஸ்வீடனின் வால்டன்ஸ்ட்ரோம், இளம்பெண்களிடம் காணப்பட்ட ஒரு நாட்பட்ட கல்லீரல் அழற்சியை விவரித்தார். அவர்கள் இரத்தத்தில் குளோபுலின் மிக அதிகம். அதே குளோபுலின். 1956இல் மெல்போர்னில் இயன் மெக்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும், இத்தகைய நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் லூபஸ் நோய்க்குரிய அணுக்களைக் கண்டு, 'லூபாய்டு ஹெப்பாடிடிஸ்' என்று பெயரிட்டார்கள். 1965இல் 'ஆட்டோஇம்யூன் ஹெப்பாடிடிஸ்' என்ற பெயரை முன்வைத்தவரும் மெக்கேயே. உடல் தன்னையே தாக்கும் என்பதை அன்றைய மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. பால் எர்லிஷ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, உயிர் தன்னை நஞ்சாகக் கருதுவதற்கு அஞ்சும் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாக்கு ஒரு வேலிபோல் ஐம்பதாண்டுகள் நின்றது. மெக்கே பணியாற்றிய நிறுவனத்தின் தலைவர் மெக்ஃபர்லேன் பர்னட். இருவரும் சேர்ந்து 1963இல் தன்னுடல் தாக்கு நோய்கள் பற்றி எழுதிய நூல், அந்த வேலியைப் பிடுங்கிய கைகளில் ஒன்று.

1971இல், அக்கா கிணற்றடியில் கார்போகரிசி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆண்டில், லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து ஷீலா ஷெர்லாக்கும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரெட்னிசலோன் கொடுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் இறந்தவர்கள் மிகப் பலர். அதாவது அக்காவைக் காப்பாற்றிய மாத்திரை, அவளுக்கு முதல் புள்ளி வந்த ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. விலையும் சொற்பம்.

இரு நோய்களும் எப்படி ஓர் உடலில் சேர்கின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஓர் அரிய பரம்பரை நோயில் கிடைக்கிறது. ஃபின்லாந்திலும் சார்டினியாவிலும் ஈரானிய யூதர்களிடமும் மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுவது. 1997இல் அதன் மரபணுவைக் கண்டறிந்து 'அயர்' என்று பெயரிட்டார்கள். தைமஸ் சுரப்பியில் டி அணுக்களுக்கு 'இவையெல்லாம் நம் வீட்டு முகங்கள், தொடாதே' என்று காட்டிக்கொடுப்பது அந்த மரபணுவின் வேலை. அது கெட்டால் பாடம் முடியாத மாணவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். பாராதைராய்டும் அட்ரினலும் அவர்களிடம் முதலில் அகப்படுபவை. சிலருக்கு வெண்புள்ளி, சிலருக்குக் கல்லீரல் அழற்சி, சிலருக்கு இரண்டும். அக்காவுக்கு இருந்தது அந்நோயன்று. பெரும்பாலோருக்கு ஒரு மரபணுவில் முடியும் கதையல்ல. சிறு சாய்வுகள் பல சேர்ந்து சரிவது. தைமஸிலிருந்து தப்பி வெளியே வந்தவர்களையும் அடக்கிவைக்கும் காவலர்கள் உண்டு என்று கண்டறிந்தமைக்காகவே 2025இல் சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. செய்தித்தாளை அக்கா எடுத்து வைத்திருக்கிறாள்.

இன்னொரு பாதையும் உண்டு; அது மனிதர் போட்டது. ஹெப்பாடிடிஸ் சி வைரஸுக்கு மாத்திரைகள் வருவதற்கு முன், பல ஆண்டுகள் இன்டர்ஃபெரான் ஊசிதான் மருந்து. வைரஸுக்கு எதிராகக் காவல் படையை உசுப்பிவிடும் ஊசி. உசுப்பியதில் சிலருக்குத் தைராய்டு கெட்டது. சிலருக்கு உடலில் வெண்புள்ளிகள் தோன்றின. அதே ஊசியை வைரஸ் என்று தவறாக எண்ணி ஆட்டோஇம்யூன் ஹெப்பாடிடிஸ் நோயாளிக்குப் போட்டால் கல்லீரல் பற்றி எரியும். எங்களுக்கு அந்த விபத்து நேரவில்லை. நேர்ந்திருக்கக்கூடும் என்பதை அறிந்த இரவு நாங்கள் தூங்கவில்லை.

கார்போகரிசியின் கதைக்கும் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. 2009இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்தது. வெண்புள்ளிக்காக, கார்போகரிசி உள்ளிட்ட ஆயுர்வேத மூலிகைகளை உட்கொண்ட பெண் ஒருவருக்குக் கடும் கல்லீரல் அழற்சி. அக்கா அதை உட்கொண்டதில்லை, பூசிக்கொண்டதோடு சரி. ஆயினும் முதல் மருத்துவரிடம் இதையும் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மறைத்தால் அதன் வாலையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

தலைப்புக்கு வருகிறோம். இந்நோயைக் கண்டறிய உலகக் கல்லீரல் நிபுணர்கள் 1999இல் திருத்தியமைத்த ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. பெண் என்றால் இரண்டு. வைரஸ் இல்லையென்றால் மூன்று. மது இல்லையென்றால் இரண்டு. குளோபுலின் இரட்டிப்புக்கு மேல் என்றால் மூன்று. நோயாளிக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ வேறு தன்னுடல் தாக்கு நோய் இருந்தால் இரண்டு. சிகிச்சைக்கு முன் பதினைந்தைத் தாண்டினால் உறுதி. அந்தப் பட்டியலை அக்காவிடம் காட்டினோம். அவள் சிவப்புப் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். "நீங்க மறைச்ச ரெண்டு மார்க் இல்லாமலே நான் பாஸ்" என்றாள்.

அது எங்களைத் தேற்றுவதற்குச் சொன்னது. 2008இல் வந்த எளிய பட்டியலில் அந்த இரண்டு மதிப்பெண்களுக்கு இடமே இல்லை என்பதையும் அவள்தான் பின்னர் எங்களிடம் சொன்னாள். ஆனால் எவருக்கேனும் ஐயம் எழுந்தால்தானே கூட்டவே தொடங்குவார்கள்? முழங்கையைப் பார்த்தபின்புதான் கூட்டல் தொடங்கியது. எங்கள் 'இல்லை'யின் விலை இரண்டு மதிப்பெண்களல்ல, பதினான்கு மாதங்கள். அந்தப் பதினான்கு மாதங்களில் எவ்வளவு தழும்பு புதிதாக விழுந்தது, எவ்வளவு முன்பே இருந்தது என்று கேட்டோம். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கருணையால் சொன்னாரா, உண்மையா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

*

பிரெட்னிசலோனும் அசாதயோப்ரினும் தொடங்கி ஆறு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. அறுபதுக்கு வந்தது. வயிற்று நீர் வற்றியது. முகம் நிலவுபோல் உருண்டது, சர்க்கரை ஏறியது, இரவில் தூக்கம் போயிற்று. நடுநிசியில் எழுந்து விடைத்தாள் திருத்துவாள்.

அந்தக் காலத்தில் ஒரு விந்தை நடந்தது. முழங்கையின் வெள்ளையில், மயிர்க்கால்களைச் சுற்றி, கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. காவலர்களை அடக்கும் மருந்து என்பதால், கல்லீரலில் அடங்கியவர்கள் தோலிலும் சற்று அடங்கியிருக்கலாம். 'இதற்காக எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று மருத்துவர் எச்சரித்தார். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். பதினேழு வரை வந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்தபோது நின்றுவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் தன் நிறம் தானாகத் திரும்புவதை அவள் பார்த்தது அந்தச் சில மாதங்கள்தான். அதைப் பற்றி அவளிடம் பேச எங்களுக்கு இன்றும் சொல் வரவில்லை. 2022இல் ருக்ஸோலிடினிப் களிம்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வெண்புள்ளிக்கென ஒப்புதல் அளித்த செய்தி வந்தபோது வாங்கித்தரவா என்று கேட்டோம். "அறுபத்துநாலு வயசுல யாருக்குக் காட்ட?" என்றாள்.

2008இல், இரண்டாண்டுகள் எல்லா எண்களும் சரியாக இருந்ததால், தானே மாத்திரைகளை நிறுத்திப் பார்த்தாள். இந்நோயில் நிறுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பி வரும். அவளுக்கு நான்கே மாதம். அதன்பின் நிறுத்தவில்லை. 2016இல் ஓய்வு பெற்றாள். கல்லீரல் தழும்போடு, ஆனால் தன் வேலையைச் செய்துகொண்டு, இருக்கிறது.

*

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் தம்பியின் மகள். இருபத்தேழு வயது. சென்ற ஆண்டு அவளுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்தது, ஹாஷிமோட்டோ வகை. வெண்புள்ளியோடும் ஆட்டோஇம்யூன் ஹெப்பாடிடிஸோடும் மிக அதிகமாகக் கூட வருவது தைராய்டுதான். அவளுடைய மருத்துவர் கொடுத்த படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்கேனும்' என்ற கட்டத்தை அவளே நிரப்பினாள்: பெரியத்தை, வெண்புள்ளி, 1971, பெரியத்தை, கல்லீரல், 2004. எங்களிடம் கேட்கவில்லை.

ஆனால் வரன் பார்க்கும்போது தைராய்டைச் சொல்ல வேண்டுமா என்ற பேச்சு வந்ததும், எங்களில் ஒருவர், யாரென்று எழுதவில்லை, "காலையில ஒரு மாத்திரை, அவ்வளவுதானே, இதையெல்லாம் எதுக்கு" என்று தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. அக்கா கூடத்தில் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இட்டுக்கொள்கிறாள், பழகிவிட்டது, கை வெறிச்சென்று இருக்கிறது என்கிறாள். அரைப்பதை நிறுத்தவில்லை, தலையும் தூக்கவில்லை. "சொல்லிடுங்க. என்னையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லியாயிற்று. அவர்கள் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வந்து என்ன சொல்வார்கள் என்பது தெரியாது. காப்பியைத் தானே கொண்டுவந்து கொடுப்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். அதற்காக அரைக்கை ரவிக்கை ஒன்று தைக்கக் கொடுக்கப் போனோம். அளவு ரவிக்கை கேட்டார் தையற்காரர். அவளிடம் இருப்பவையெல்லாம் நீளக் கை. பெஞ்சிலிருந்து எழுந்து அக்கா கையை நீட்டினாள். அவர் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து, தோளிலிருந்து கீழே அளந்து, எங்கே நிறுத்தட்டும் என்று கேட்டார். முழங்கைக்கு மேல் ஓர் இடத்தில் அவள் விரல் வைத்தாள்.